பண்முறையும் தலமுறையும்: கட்டற்ற இயங்குதளத்தில் பொதிகளை வகுத்தல்

தேவாரப் பதிகங்களை வரிசைப்படுத்துவதற்குத் தமிழ்ச் சைவ மரபில் இரண்டு முறைகள் நிலைபெற்றுள்ளன. பதிகம் எந்தப் பண்ணில் அமைந்தது என்பதைக் கொண்டு அடுக்குவது பண்முறை. எந்த ஊர்க் கோயிலின்மீது பாடப்பட்டது என்பதைக் கொண்டு அடுக்குவது தலமுறை. ஏறத்தாழ எண்ணூறு பதிகங்களைக் கொண்ட அதே பாடற்பரப்பு, பண்முறையில் சம்பந்தரின் நட்டபாடைப் பதிகங்களில் தொடங்குகிறது. தலமுறையிலோ சிதம்பரத்தில் தொடங்கி, இன்றைய அண்ணாமலை நகரில் உள்ள திருவேட்களம், சிவபுரி என வழங்கும் திருநெல்வாயில், திருக்கழிப்பாலை எனக் காவிரி வடகரைத் தலங்கள் வழியே நடக்கிறது. ஏடுகள் தில்லைக் கோயிலில் பூட்டிக்கிடந்து மீட்கப்பட்டன என்றும், அவற்றை நம்பியாண்டார் நம்பி திருமுறைகளாக வகுத்தார் என்றும் மரபு கூறுகிறது. ஓதுவாருக்குப் பண்முறை உதவுகிறது, தலயாத்திரை செல்வோருக்குத் தலமுறை உதவுகிறது. ஓலைச்சுவடியோ அச்சு நூலோ ஒரு நேரத்தில் ஒரே வரிசையைத்தான் தாங்க முடியும் என்பதால், ஒருவருக்கு உதவும் அடுக்கு மற்றவரை அலைய வைக்கிறது.

இம்முறைகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். பண்முறை முழுக்கப் பண்ணால் ஆனதன்று. முதலில் பாடியவரால் பிரிந்து, பிறகே பண்ணால் பிரிகிறது, அப்பரின் ஐந்தாம் ஆறாம் திருமுறைகளிலோ குறுந்தொகை, தாண்டகம் என யாப்பின் பெயரே தலைப்பாகிவிடுகிறது. தலமுறையும் அவ்வாறே, நிலத்தை நோக்கியது என்றாலும் எந்தக் காலத்து நிலப்பிரிவு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. கடலூர் நகரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூரும் சிதம்பரமும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்க, தலமுறை சிதம்பரத்தைச் சோழநாட்டு வடகரைத் தலங்கள் அறுபத்துமூன்றின் தலையிலும், திருப்பாதிரிப்புலியூரை நடுநாட்டுத் தலங்கள் இருபத்திரண்டின் பிற்பகுதியிலும் வைக்கிறது. எந்த வகுப்பும் ஒரு பயன்பாட்டையும் ஒரு காலத்தையும் உள்ளே ஏற்றுக்கொண்டுதான் நிற்கிறது என்பதற்கு இதைவிட அருகில் கிடைக்கும் சான்று அரிது.

இதே சிக்கல் கட்டற்ற மென்பொருள் உலகில் முப்பது ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. நிரலும், அது இயங்கத் தேவையான கோப்புகளும், அதைப் பற்றிய விவரக்குறிப்பும், அது சார்ந்திருக்கும் பிற மென்பொருள்களின் பட்டியலும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருப்பதே பொதி. அத்தகைய பொதிகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் இடம் களஞ்சியம். களஞ்சியத்திலிருந்து வேண்டியவற்றை எடுத்து நிறுவிக் கொடுக்கும் முழுமையான இயங்குதளம் வழங்கல் எனப்படுகிறது. இயன் மர்டாக் 1993 ஆகஸ்ட்டில் தொடங்கிய டெபியன் வழங்கலில், 1996-இல் வெளிவந்த 1.1 பதிப்பின்போது 474 பொதிகளே இருந்தன. ஒரு பட்டியலாக அச்சிட்டு ஒரு மாலையில் படித்துவிடக்கூடிய அளவு அது. 2023 ஜூனில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் 64,419 பொதிகள் இருந்தன. இந்தப் பெருக்கத்துக்குப் பிறகு, பொதிகளைக் குழுக்களாக வகுக்கும் வேலை மென்பொருள் எழுதும் வேலைக்கு நிகரான கவனத்தைக் கோருகிறது, ஏனெனில் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பொதி, அதைத் தேடியவரைப் பொறுத்தவரை எழுதப்படாத பொதியே.

டெபியன் முதலில் கைக்கொண்டது ஒற்றை அடுக்கு முறை. ஒவ்வொரு பொதியின் விவரக்குறிப்பிலும் பிரிவு என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் ஒரே ஒரு பெயர்தான் இடம்பெறலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட இப்பிரிவுகளை வரிசையாகப் படிப்பவருக்கு, ஐந்தாம் திருமுறையில் பண் மறைந்து யாப்பு தலைகாட்டுவது போன்ற கலப்பு உடனே தெரியும். அஞ்சல், விளையாட்டு, உரைத்தொகுப்பி என்பவை பயன்பாட்டால் ஆன பிரிவுகள். பைத்தான், பெர்ல், ஹாஸ்கல் என்பவை நிரல் எழுதப்பட்ட மொழியால் ஆனவை. க்னோம், கேடிஈ என்பவை திரைச்சூழலால் ஆனவை. கல்வி என்பது பயன்படுத்துவோரால் ஆனது. எழுத்துரு, ஆவணம் என்பவை பொருளின் வடிவத்தால் ஆனவை. வகுக்கும் அடிப்படை ஒன்றாக இல்லாதபோது, ஒரு பொதி ஒரே நேரத்தில் நான்கு பிரிவுகளுக்கு உரியதாகிறது, ஆனால் ஒன்றில் மட்டுமே வைக்கப்படுகிறது. இரவு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் பள்ளி வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. டெபியனில் அது அறிவியல் பிரிவில் இருக்கிறது. கல்விப் பிரிவைத் திறந்து பார்க்கும் ஆசிரியருக்கு அது தென்படாது. பிரித்தவர் பிழை செய்யவில்லை, வானியல் அறிவியல்தான். பிழை, ஒரே இடம் என்ற விதியில் இருக்கிறது.

விதி தளரும்போது பிரிவுகளைக் கூட்டுவதே வழக்கமான மருந்து. 2009-இல் டெபியன் ஒரே வீச்சில் பல புதிய பிரிவுகளைச் சேர்த்தது. எழுத்துருக்களுக்கும், பிறமொழி முகப்புகளைத் தாங்கும் உள்ளூர்மயமாக்கல் பொதிகளுக்கும் தனிப் பிரிவு அப்போதுதான் கிடைத்தது. ரெட்ஹாட் வழிவந்த வழங்கல்கள் வேறு திசையில் சென்றன. அவற்றின் பொதிகளிலும் குழு என்ற ஒற்றை வரி இருந்தது. ஃபெடோரா காலப்போக்கில் அதைக் கைவிட்டு, குழுக்களைப் பொதிக்கு வெளியே ஒரு தனிக் கோப்பில் எழுதும் முறையை நம்பியது. அந்தக் கோப்பில் ஒரு குழுவின் உறுப்புகள் கட்டாயம், இயல்பிருப்பு, விருப்பம் எனத் தரம் பிரிக்கப்படுகின்றன. ஒரே பொதி பல குழுக்களில் இடம்பெறவும் தடையில்லை. சூசே வழங்கலில் இதை ஒத்த ஏற்பாடு உண்டு. 2006-07 காலத்தில் தமிழ்நாட்டு அரசு நிறுவனமான எல்காட் கட்டற்ற மென்பொருளுக்குத் திரும்பியபோது தேர்ந்தது சூசேயையே என்பதால், இத்தகைய குழுத் தேர்வுகள் தமிழக அரசு அலுவலகங்களுக்கும் அறிமுகமாயின.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்வது அவசியம், ஏனெனில் இத்துறையின் விவாதங்களில் இது அடிக்கடி குழம்புகிறது. சேர்த்து நிறுவுவதற்கான குழு வேறு. தேடிக் காண்பதற்கான வகுப்பு வேறு. டெபியனில் மெட்டா பொதி என்றொரு வகை உண்டு. அதற்குள் நிரல் எதுவும் இராது, மற்றப் பொதிகளின் பெயர்கள் மட்டுமே சார்பாகவோ பரிந்துரையாகவோ எழுதப்பட்டிருக்கும், அதை நிறுவினால் அவை அனைத்தும் வந்து சேரும். நார்வேயில் 2001-இல் தோன்றிய ஸ்கோலெலினக்ஸ் திட்டம் டெபியன் எடு என்ற பெயரில் கணிதம், வானியல் எனப் பாடவாரியாக இத்தகைய மெட்டா பொதிகளை உருவாக்கியுள்ளது. ஸ்டெல்லேரியம் அங்கே கல்விக்குள் வந்துவிடுகிறது. மருத்துவத்துக்கு டெபியன் மெட் அதே வேலையைச் செய்கிறது. இவை மளிகைக் கடைக்காரர் கட்டித் தரும் பொங்கல் சாமான் கட்டுப் போன்றவை: இன்ன வேலைக்கு இன்னவை போதும் என்று அனுபவமுள்ள ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவு பயனுள்ளது, ஆனால் அது விளக்கமன்று. கட்டில் இல்லாத சரக்கு கடையில் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. தேடிக் காண்பதற்கான வகுப்போ யாருக்காகவும் முடிவெடுப்பதில்லை, பொருளின் இயல்புகளைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

அந்த இரண்டாம் வேலைக்கான கோட்பாடு, சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் சீர்காழியில் பிறந்தவரால் உருவாக்கப்பட்டது. சீர்காழியையே தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட எஸ். ஆர். அரங்கநாதன் 1892-இல் பிறந்து, அவ்வூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, கணித ஆசிரியராக இருந்து, 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் சென்ற அவர், அன்று உலகெங்கும் பரவியிருந்த டூயி தசமப் பகுப்பு முறையின் குறையை விரைவில் கண்டுகொண்டார். 1876-இல் வெளிவந்த அந்த முறை அறிவுலகம் முழுவதையும் முன்கூட்டியே கிளைகளாகப் பிரித்து ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது; மரம் வரையப்பட்ட நாளில் இல்லாத பொருளுக்கு அதில் கிளை இல்லை. லண்டனின் செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை, சில தகடுகளும் தண்டுகளும் மரைகளும் கொண்டே வெவ்வேறு பொம்மைகள் கட்டப்படுவதைப் பார்த்தபோது தமக்கு விடை கிடைத்ததாக அரங்கநாதனே பதிவு செய்திருக்கிறார். அந்த விடை 1933-இல் கோலன் பகுப்புமுறை என்ற நூலாயிற்று; மரையாணியின் இடத்தில் அவர் வைத்தது முக்காற்புள்ளியை.

அவருடைய முறையில் ஒரு நூலுக்கு ஆயத்த எண் எதுவும் இல்லை. நூலின் பொருள் பல முகங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு முகத்துக்கும் சிறு பட்டியல் உண்டு. பட்டியல்களிலிருந்து எடுத்த கூறுகளைப் பூட்டினால் எண் பிறக்கிறது. இந்தியாவில் 1950-இல் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-கதிரால் அளிக்கப்பட்ட சிகிச்சை பற்றிய ஆய்வு என்ற பொருளை எடுத்துக்கொண்டால், உறுப்பு ஒரு முகம், நோய் ஒரு முகம், சிகிச்சை என்ற செயல் ஒரு முகம், கருவி ஒரு முகம், நாடும் ஆண்டும் இரு முகங்கள். ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைகளுக்குள் எல்லா முகங்களும் அடங்கும் என்ற கருத்தை அவர் பிற்காலப் பதிப்புகளில் நிறுவினார். இதன் சிக்கனத்தை எளிய கணக்கால் உணரலாம்: ஐந்து முகங்களுக்குப் பத்துப் பத்துக் கூறுகள் என்றால் பராமரிக்க வேண்டியவை ஐம்பது சொற்கள், அவற்றால் குறிக்கக்கூடிய சேர்க்கைகள் ஒரு லட்சம். நூலகம் வளரும் உயிரி என்று 1931-இல் ஐந்து விதிகளின் இறுதியில் கூறியவர், வளர்ச்சிக்கு இடம் விடும் பகுப்பை இரண்டாண்டுகளில் கொடுத்துவிட்டார்.

டெபியனுக்குள் இந்தச் சிந்தனை நுழைந்தது 2003-இல். இத்தாலியரான என்ரிகோ ஜீனி தொடங்கிய டெப்டேக்ஸ் என்னும் திட்டம், ஒவ்வொரு பொதிக்கும் பல குறிச்சொற்களை இட்டு, அக்குறிச்சொற்களை முகங்களின்கீழ் ஒழுங்குபடுத்தியது. முகத்தின் பெயரையும் கூற்றின் பெயரையும் இரட்டை முக்காற்புள்ளியால் இணைத்து எழுதுவது அதன் வழக்கம். பொதி நிரலா, தரவா, எழுத்துருவா என்பதைச் சொல்லும் பங்கு. தொகுத்தல், பார்த்தல், மாற்றுதல் என்ற செயலைச் சொல்லும் பயன். உரை, படம், ஒலி என எதன்மீது வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் முகம். திரைவழி இயங்குவதா கட்டளைவழி இயங்குவதா என்பதைச் சொல்லும் இடைமுகம். உயிரியல், வானியல் போன்ற துறை. மொழி அல்லது நாட்டுப் பண்பாடு என அம்முகங்கள் விரிகின்றன. துறை வானியல், இடைமுகம் திரைவழி என்று இரண்டு சொற்களைக் கொடுத்தால் ஸ்டெல்லேரியம் உள்ளிட்ட சிறு பட்டியல் கிடைக்கிறது, அது எந்தப் பிரிவில் இருந்தாலும்.

அரங்கநாதனின் உழைப்பில் பாதி, முகங்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதற்குச் செலவானது, ஏனெனில் நூல் கடைசியில் ஓர் அலமாரியில் ஓரிடத்தில் நிற்க வேண்டும். உறுப்பு முன்னும் நாடு பின்னும் வந்தால் நுரையீரல் நூல்கள் ஒன்றாகச் சேர்ந்து இந்திய நூல்கள் சிதறும், மாற்றினால் மறுதலையாகும். பண்முறைக்கும் தலமுறைக்கும் இடையிலான பிணக்கு இதுவேதான். பொதிக்கு அலமாரி இல்லை. ஆகவே டெப்டேக்ஸ் முகங்களை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டுவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் முயற்சியால் 2007-இல் வெளியான மின்தேவாரம், பதிகங்களோடு தலங்களின் வரைபடத்தையும் சொல்லடைவையும் இணைத்தபோது, தேவாரத்துக்கும் அதே விடுதலை கிடைத்தது எனலாம்.

வரிசைச் சிக்கல் நீங்கினாலும் சொற்சிக்கல் நீங்குவதில்லை. சீர்காழிக்கே பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம் எனத் தொடங்கிப் பன்னிரண்டு பெயர்கள். சம்பந்தர் அவற்றை மாறிமாறிக் கையாள்கிறார், தலமுறை தொகுத்தவரோ அவை அனைத்தும் ஓர் ஊரே என்று அறிந்து ஒன்றாக வைத்தார். அவ்வாறு அறிந்து ஒன்றாக்கும் ஒருவர் இல்லாத இடத்தில் குறிச்சொற்கள் பெருகி, ஒரே கருத்து பல பெயர்களில் சிதறும். இதனால்தான் டெப்டேக்ஸ் எவரும் எந்தச் சொல்லையும் இடும் முறையாக அமையாமல், வரையறுத்த சொற்றொகுதிக்குள் இயங்குகிறது. அச்சொற்றொகுதியைக் காப்பதற்கும் ஒவ்வொரு பொதிக்கும் குறி இடுவதற்கும் மனிதர் தேவை. தானாக நடக்காத வேலை இது. இதன் பலவீனமும் அதுவே.

இக்கோட்பாடு கடலூர் மாவட்டத்துப் பள்ளி மாணவர் ஒருவரைத் தொடும் இடம் எது என்று கேட்டால், சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய பாரத் இயங்குதளத் தீர்வுகள், சுருக்கமாக பாஸ் லினக்ஸ், விடையாகிறது. 2007 ஜனவரியில் முதலில் வெளியான இதன் கல்விப் பதிப்பாக எடுபாஸ் என்பதும் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகள் மாநிலமெங்கும் மாணவர் கைக்குச் சென்றன. 2018-இல் மாறிய பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினி நூல்களிலும் உபுண்டு லினக்ஸ் இடம்பெற்றது. உபுண்டுவும் டெபியனிலிருந்து கிளைத்ததே. இணைய இணைப்பு வீட்டில் இல்லாத மாணவருக்கு, கணினியில் முன்பே நிறுவப்பட்ட குழுவே அவருக்குக் கிடைத்த முழு உலகம். டெபியன் வட்டுத் தொகுதிகளில் எந்தப் பொதி முன்னால் இடம்பெறும் என்பதைப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் பெரிதும் தீர்மானிப்பதால், சிலரே பயன்படுத்தும் பொதிகள் பின் வட்டுகளுக்குத் தள்ளப்படுகின்றன. சிறிய மொழிகளுக்கு இது பாதகமான ஏற்பாடு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு பாதகமும் உண்டு, அது வகுப்பிலேயே உள்ளது. டெபியனை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தால், டாஸ்க்-தமிழ் முதலிய பணிப்பொதிகள் தாமாகத் தேர்வாகித் தமிழ்ச் சூழலுக்கு வேண்டியவற்றைக் கொண்டுவருகின்றன. ஆங்கிலத்தில் நிறுவினால் அவை வருவதில்லை. திரையின் மொழியும் எழுதும் மொழியும் ஒன்றே என்ற அனுமானம் இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கிறது. பட்டியல்களை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு கட்டுரையைத் தமிழில் எழுதுபவருக்கு இந்த அனுமானத்துக்குள் இடமில்லை. அவர் தமக்குரிய பொதிகளைத் தாமே தேட வேண்டும். அவ்வாறு தேடினால், லோகித் தமிழ் எழுத்துரு எழுத்துருப் பிரிவிலும், லிப்ரே ஆபீஸின் தமிழ் முகப்பு உள்ளூர்மயமாக்கல் பிரிவிலும், அச்சிட்ட தமிழை எழுத்தாக மாற்றும் டெசராக்டின் தமிழ்த் தரவு படவியல் பிரிவிலும் இருக்கின்றன. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்போ, பல்மொழிமயமாக்கல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையும் கடையெழுத்தையும் இடையில் மறைந்த பதினேழு எழுத்துகளின் எண்ணையும் கொண்டு எம்17என் என்று பெயரிடப்பட்ட பொதிக்குள், பிற பல மொழிகளின் விசைப்பலகைகளோடு ஒன்றாக அடங்கியிருக்கிறது. அப்பொதியின் பெயரிலோ பிரிவிலோ தமிழ் என்ற சொல் எங்கும் தென்படாது. தமிழில் தட்டச்சிடும் வழி கணினிக்கு எட்டும் தொலைவில் இருந்தும் கண்டறியப்படாமல் போவதற்கு இத்தகைய வகுப்பு ஒரு காரணம்.

டெப்டேக்ஸின் பண்பாட்டு முகத்தில் தமிழ் என்ற கூறு இருக்கிறது. எனவே கருவி ஆயத்தமாகவே உள்ளது. ஆனால் அந்தக் கூறும் திரைமொழியையும் ஆவண மொழியையும் பிரித்துக் காட்டுவதில்லை. தமிழில் பேசும் முகப்பு, தமிழை உள்ளிடும் வழி, தமிழ் உரையைச் சோதிக்கும் நிரல் ஆகிய மூன்றும் ஒரே குறியின்கீழ் வந்தால், பயன் என்ற முகத்தோடு அதைச் சேர்த்துத்தான் வேறுபாட்டைப் பெற முடியும். அவ்வாறு சேர்ப்பதற்கு அப்பொதிகளுக்குப் பயன் முகமும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். குறி இடப்படாத பொதிகளுக்கென்றே, இன்னும் குறியிடப்படவில்லை என்று சொல்லும் தனிக் குறி ஒன்று டெப்டேக்ஸில் உண்டு என்பதே நிலுவையின் தன்மையைக் காட்டுகிறது.

இவ்வேலைக்கு நிரல் எழுதும் திறன் தேவையில்லை. பொதியைப் பயன்படுத்திப் பார்த்து, அது எதற்கு உதவுகிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால் போதும். பழைய தென்னார்க்காட்டின் ஒரு பாதியான விழுப்புரத்தில் 2023 ஜனவரி இறுதியில் மினி டெப்கான்ஃப் தமிழ்நாடு என்ற டெபியன் மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. பழைய தென்னார்க்காட்டின் மற்றப் பாதியான கடலூரில், 1929-இல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நூலகவியலைப் பாடமாகக் கற்பிக்கிறது. கோலன் பகுப்பைப் பயின்ற மாணவருக்கு முகம், கூறு, சொற்கட்டுப்பாடு என்பவை புதியவை அல்ல. தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, அகராதி, எழுத்துணரி ஆகியவற்றின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பங்கு, பயன், பண்பாடு என்ற மூன்று முகங்களை நிரப்புவது அவருக்கு வகுப்பறைப் பயிற்சியின் அளவே. தொடங்க வேண்டிய பொதி எம்17என்.